செத்த ஏரியிலிருந்து ஒரு தூசி

ஆப்பிரிக்காவின் நடுவயிற்றில், சாட் நாட்டின் வடக்கே, போடெலே என்றொரு பள்ளம் இருக்கிறது. மரம் கிடையாது, ஊர் கிடையாது. தரை மட்டும் வெளிறிய வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். பாலைவனம் என்றாலே மணல்தான் என்று நினைத்திருப்பவர்களை இந்த வெள்ளை குழப்பும். இது மணலே இல்லை. ஒரு காலத்தில் நன்னீரில் மிதந்து திரிந்த டயாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசிகளின் ஓடுகள். சிலிக்காவால் ஆன அந்த ஓடுகள் கோடிகோடியாகப் படிந்து, அடுக்கடுக்காக இறுகி, கையில் எடுத்தால் கனமே தெரியாத ஒரு பாறையாகிக் கிடக்கின்றன. அந்தப் பாறையிலிருந்து உடைந்த ஒரு தூசி, ஒரு மில்லிமீட்டரை முந்நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவே உள்ள தூசி, தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குப் போய்ச் சேரும் கதை இது. தூரம் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். போக்குவரத்துச் செலவு முழுவதும் காற்றினுடையது.

முதலில் பிறந்த வீட்டைப் பார்த்துவிடலாம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சஹாரா பச்சையாக இருந்தது. போடெலேக்குத் தென்கிழக்கே எழும் என்னெடி மேட்டுநிலப் பாறைகளில் அக்கால மனிதர்கள் தீட்டிய மாட்டு மந்தைகள் இன்றும் இருக்கின்றன. மாடு மேய வேண்டுமென்றால் புல் வேண்டும், புல்லுக்கு மழை வேண்டும். அந்த மழை ஓடிச் சேர்ந்த இடம்தான் நம் தூசியின் பிறப்பிடம். இன்று சுருங்கிக் கிடக்கும் சாட் ஏரியும் போடெலேயும் அப்போது ஒரே நீர்ப்பரப்பு. அதன் விரிவு 3,50,000 சதுர கிலோமீட்டருக்குக் குறையாது. தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். போடெலேதான் அதன் ஆழமான மூலை. நீர்மட்டம் உச்சத்தில் இருந்தபோது அங்கே 160 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் நின்றது.

அந்த நீரில் அவுலகோசெய்ரா என்ற டயாட்டம் பல்கிப் பெருகியது. மீன்கள் பெருகின. டயாட்டம் செத்தால் ஓடு அடியில் இறங்கும். மீன் செத்தால் எலும்பும் செதிலும் இறங்கும். எலும்பில் பாஸ்பரஸ் இருக்கிறது. நம் விவசாயிகள் மணிச்சத்து என்று சொல்வார்களே, அதே சரக்கு. ஆக, ஏரியின் அடிவண்டலில் கண்ணாடி ஓடுகளும் மணிச்சத்தும் கலந்து, பல ஆயிரம் ஆண்டுகள் எவருக்கும் பயனில்லாமல் சேர்ந்துகொண்டே இருந்தன.

சஹாராவில் எப்படி மழை? இதற்கு விடை சொல்லாமல் தூசியை நகர்த்த முடியாது. ஏனென்றால் ஏரியைக் கட்டியதும், பிறகு அதைக் கொன்றதும், இப்போது அதன் எலும்பை வாரிக்கொண்டு போவதும் ஒரே காற்றோட்டம்தான்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் சூரியன் நேராக அடிக்கிறது. சூடேறிய ஈரக்காற்று மேலே எழுகிறது. எழும்போது குளிர்ந்து, சுமந்துவந்த நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. பூமியைச் சுற்றி ஒரு மழைப்பட்டை விழுவது இதனால்தான். நீரை இழந்த காற்று 15 கிலோமீட்டர் உயரம் வரை போய், வடக்கும் தெற்குமாகப் பிரிந்து நகர்ந்து, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கும், அமுங்கினால் சூடாகும், சூடான வறட்டுக் காற்றில் மேகம் திரளாது. உலகின் பெரிய பாலைகளில் பலவும் இந்த இறக்கத்தின் அடியிலேயே கிடக்கின்றன. இறங்கிய காற்று பிறகு தரையோடு தரையாக நிலநடுக்கோட்டை நோக்கித் திரும்பி வருகிறது. வரும் வழியில் பூமியின் சுழற்சி அதை மேற்குப் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. இதுதான் வணிகக் காற்று. வட கோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென் கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வீசும். நம் கடற்கரையில் மார்கழி, தையில் அடிக்கும் வாடையும் இதே குடும்பம்தான்.

அதாவது, இந்தச் சுழற்சியின் இறங்குகால் சஹாராவின் மேல் நிற்கிறது, ஏறுகால் அமேசானின் மேல் நிற்கிறது. காட்டுக்கு மழை கொடுத்த அதே வளையம்தான் பாலைக்கு மழையை மறுத்தது. இரண்டையும் கீழே இணைக்கும் கை வணிகக் காற்று. ஒன்றின் புழுதி இன்னொன்றில் போய் விழுவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கலாம். ஆனால் இந்த வளையத்தைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு வெகுகாலம் ஆயிற்று. கொலம்பஸ் 1492 செப்டம்பரில் கேனரித் தீவுகளிலிருந்து பாய் விரித்து அக்டோபர் 12-ல் பஹாமாஸ் கரையைக் கண்டபோது அவருக்குப் பின்னால் நின்று தள்ளியது இந்தக் காற்றுதான். அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் அடிமைக் கப்பல்களும் ஆப்பிரிக்கர்களை ஏற்றிக்கொண்டு இதே காற்றில்தான் மேற்கே போயின. காற்று தவறாமல் வீசும் என்பது மாலுமிகளுக்குத் தெரியும். ஏன் வீசுகிறது என்பது எவருக்கும் தெரியாது.

1686-ல் எட்மண்ட் ஹாலி, அவர் பெயரால் ஒரு வால்நட்சத்திரம் இருக்கிறதே அவர், வணிகக் காற்றுகளை வரைபடமாகப் போட்டார். சூடான காற்று எழுவதால் பக்கத்துக் காற்று ஓடிவருகிறது என்பதைச் சரியாகச் சொன்னார். அது ஏன் மேற்கே சாய்கிறது என்பதில் சறுக்கினார். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போவதால் காற்றும் அதன் பின்னே இழுபடுகிறது என்பது அவர் கணக்கு. 1735-ல் ஜார்ஜ் ஹேட்லி என்ற லண்டன் வழக்கறிஞர் வேறொன்று சொன்னார். நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. 30 பாகையில் அந்த வேகம் 1,450-க்கும் குறைவு. வடக்கிலிருந்து வரும் காற்று குறைந்த வேகத்தோடு வேகமான தரைக்கு மேல் வந்து சேர்வதால் பின்தங்குகிறது. பின்தங்குவதைத் தரையில் நிற்பவன் கிழக்குக் காற்றாக உணர்கிறான். முழு விடை இதுவும் அல்ல. கோரியோலிஸ் 1835-ல் கணிதத்தைத் தந்தார், அதற்குப் பின் ஃபெரல் அதைக் காற்றுக்குப் பொருத்தினார். ஆனாலும் வளையத்துக்கு ஹேட்லி சுழற்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இவருடைய அண்ணன் ஜான் ஹேட்லி, கடலில் சூரியனின் உயரத்தை அளக்கும் ஆக்டன்ட் கருவியைச் செய்தவர். கப்பலைத் தள்ளும் காற்றைத் தம்பியும், கப்பல் எங்கே இருக்கிறது என்பதை அண்ணனும் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, பச்சை சஹாராவுக்கு வருவோம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள் இப்போது ஜனவரி முதல் வாரத்தில் விழுகிறது. 11,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வட கோளத்தின் கோடையில் விழுந்தது. அதனால் வடக்கே கோடை வெயில் இன்றைவிட ஏழெட்டு சதவீதம் அதிகம். வட ஆப்பிரிக்க நிலம் கூடுதலாகச் சூடேறியது. கடலிலிருந்து ஈரக்காற்று கூடுதலாக உள்ளே ஏறியது. கோடைக்கால மழைப்பட்டை இன்று எட்டாத வடக்கு வரை போய்வந்தது. நமது தென்மேற்குப் பருவமழையும் அந்தக் காலத்தில் இன்றைவிட வலுவாகத்தான் இருந்தது. பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்த நாள் மெல்ல நகர்ந்து கோடையை விட்டு விலகியது. மழைப்பட்டை பின்வாங்கியது. வறட்டுக் காற்றின் இறக்கம் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏரி சுருங்கியது.

போடெலே ஆழமான மூலை என்பதால் கடைசியாக வற்றியது. பழைய கரைமேடுகளின் வயதைக் கணித்தவர்கள், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரைகூட அங்கே தண்ணீர் நின்றிருக்கலாம் என்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த காலம். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் ஒரு சிக்கலைக் கிளப்பும்.

ஏரி செத்தால் மட்டும் தூசி கிளம்பிவிடாது. உலகில் வற்றிய ஏரிகள் எத்தனையோ உண்டு. போடெலேயின் தனிச்சிறப்பு அதன் இருப்பிடம். வடக்கே திபெஸ்தி மலைத்தொடர். அதன் எமி கூசி எரிமலை 3,400 மீட்டருக்கு மேல். தென்கிழக்கே என்னெடி. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று, அந்தப் பக்கத்து மக்கள் ஹார்மாட்டான் என்று அழைப்பது, இந்த இரண்டு மேடுகளுக்கும் இடையே நுழைய வேண்டியிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இடுக்கில் புகுந்த காற்று வேகம் பிடிக்கிறது. அந்த இடுக்கின் வாய் சரியாக இந்த வெள்ளைப் படிவத்தின் மேல் திறக்கிறது. உரமும் ஊதுகுழலும் ஒரே இடத்தில் வாய்த்தது தற்செயல்தான். ஆண்டில் ஏறக்குறைய நூறு நாள் இங்கே புழுதி எழுகிறது. உலகிலேயே மிக அதிகமாகத் தூசி கிளம்பும் இடம் இது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

2005-ல் ஒரு ஆய்வுக் குழு கருவிகளோடு அங்கே போய் உட்கார்ந்து அளந்தது. அப்போது தெரிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தூசி எழும் நேரம். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் வேகமான காற்று தரையைத் தொடாமல் சில நூறு மீட்டர் உயரத்தில் தனியே ஓடுகிறது. காலையில் வெயில் ஏறித் தரைக்காற்று கலங்க ஆரம்பித்ததும் மேலே ஓடிய வேகம் கீழே இறங்குகிறது. முற்பகலில் புழுதி உச்சத்துக்குப் போகிறது. நொடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டினால் போதும். மெல்லிய துகளைக் காற்றால் நேரடியாகக் கிள்ளி எடுக்க முடியாது. அது தரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பெரிய டயாட்டம் பாறைச் சில்லுகள் காற்றில் தத்தித் தத்திப் போய் விழுந்து, ஒன்றோடொன்று மோதி நொறுங்குகின்றன. அந்த நொறுங்கலில்தான் நம் தூசி விடுபடுகிறது. மற்ற பாலைகளில் மணல் வந்து இடித்துத் தூசி கிளப்ப வேண்டும். இங்கே பாறை தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது.

ஓரிரு நாளில் நைஜீரியாவின் கானோ நகரம். அங்கே ஹார்மாட்டான் என்பது ஒரு பருவம். சூரியன் வெளுத்துப்போகும், உதடு வெடிக்கும், பார்வைத்தூரம் குறைந்து விமானங்கள் நிற்கும். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் மூளைக்காய்ச்சல் பட்டையில் நோய் தலைதூக்குவதும் இந்த வறண்ட, தூசி நிறைந்த மாதங்களில்தான். முதல் மழையோடு அது அடங்கிவிடும். அமேசானுக்கு உரம் போகிறது என்று நாம் இங்கே உட்கார்ந்து வியக்கும் சரக்கு, வழியிலிருக்கும் கோடிக்கணக்கான மக்களின் நுரையீரலைக் கடந்துதான் போகிறது. இந்தப் பகுதியைச் சொல்லாமல் தாவிவிடும் எழுத்துகளே அதிகம். அதே மாதங்களில் சஹாராவின் தென்விளிம்பான சஹேல் பகுதியில் விவசாயிகள் காய்ந்த புல்லையும் அறுவடைத் தாளையும் எரிப்பதால் தூசியோடு புகையும் சேர்ந்துகொள்கிறது.

பிறகு கடல். கரையைத் தாண்டியதும் தூசிக்கு முன்னே இரண்டு பாதைகள் இருக்கின்றன. எந்தப் பாதை என்பதை அதே மழைப்பட்டைதான் தீர்மானிக்கிறது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை சூரியனோடு மழைப்பட்டை தெற்கே இறங்கியிருக்கும். வணிகக் காற்றும் அதன் பின்னே தெற்காக வளைந்து தென் அமெரிக்காவின் வடகரைக்கு ஓடும். தூசி தாழ்வாக, பெரும்பாலும் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே போகும். ஜூன், ஜூலையில் பட்டை வடக்கே ஏறிவிடும்; தூசி ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பிக் கரீபியன் தீவுகளுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் போகும். போடெலேயில் தை மாதத்தில் கிளம்பினால் காடு, மேற்கு சஹாராவில் ஆனியில் கிளம்பினால் தீவு. தூசிக்குத் தலையெழுத்து என்று ஒன்று இருந்தால் அதைப் பஞ்சாங்கம்தான் எழுதுகிறது.

1832 ஜனவரியில் பீகிள் கப்பல் கேப் வெர்டே தீவில் நின்றபோது இருபத்திரண்டு வயது டார்வின் இந்த மழுங்கிய வானத்தைப் பார்த்தார். வானியல் கருவிகளின்மேல் படிந்த பழுப்புப் பொடியைக் கவனித்தார். பாய்மர உச்சியில் கட்டிய மெல்லிய துணியில் வடிகட்டியதைச் சேமித்தார். பின்னால் மற்றவர்கள் தந்த மாதிரிகளையும் சேர்த்து ஐந்து பொட்டலங்களைப் பெர்லினுக்கு, நுண்ணுயிர் வல்லுநர் ஏரன்பெர்க்கிடம் அனுப்பினார். நுண்ணோக்கியில் 67 வகை உயிர்வடிவங்கள் தெரிந்தன; ஓடுள்ளவற்றில் இரண்டைத் தவிர எல்லாம் நன்னீர் இனங்கள். உப்புக்கடலின் நடுவே, கப்பலின் மேல், ஏரிவாசிகள்! இன்னொரு வேடிக்கையும் இருந்தது. ஆப்பிரிக்காவுக்கே உரியவை என்று ஏரன்பெர்க் அறிந்திருந்த இனம் ஒன்றுகூட அதில் இல்லை. மாறாக, தென் அமெரிக்காவில் மட்டுமே வாழ்வதாக அவர் நினைத்திருந்த இரண்டு இனங்கள் இருந்தன. நுண்ணோக்கியைக் கேட்டால் தூசி மேற்கிலிருந்து வந்திருக்க வேண்டும். டார்வின் காற்றைக் கேட்டார். தூசி விழும்போதெல்லாம் எந்தத் திசைக் காற்று, எந்த மாதம் என்று கப்பல் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்து, ஆப்பிரிக்காதான் என்று 1846-ல் கட்டுரை எழுதினார். அவரே சரி. அன்றைக்கு ஆப்பிரிக்க ஏரிகளில் வாழும் டயாட்டங்களைப் பற்றி ஐரோப்பாவுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம்.

கோடைப் பாதையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், ஏனென்றால் தூசியை நீண்டகாலம் அளந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மயாமி பல்கலைக்கழகத்தின் ஜோசப் ப்ராஸ்பெரோ 1965-லிருந்து பார்படோஸ் தீவின் கிழக்குக் கரையில் காற்றை வடிகட்டித் தூசியை எடைபோட்டு வந்தார். அட்லாண்டிக்கைத் தாண்டிவந்த சுத்தமான கடல்காற்று என்று தீவுக்காரர்கள் சுவாசித்தது வடிதாளைச் செம்பழுப்பாக்கியது. 1970-களிலும் 80-களிலும் சஹேல் பகுதி கொடும் வறட்சியில் வாடியபோது பார்படோஸில் தூசி மளமளவென்று ஏறியது. ஓரிடத்தின் பஞ்சம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வடிதாளில் பதிவானது. பார்படோஸ் பவளச் சுண்ணாம்புத் தீவு. அதன் மேலிருக்கும் களிமண்ணில் கணிசமான பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து பறந்துவந்ததுதான்.

கோடைத் தூசி தனியாக வருவதில்லை. பாலையின் சூடான, வறண்ட காற்றுப்படலத்தையே கூட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் படலம் படர்ந்திருக்கும் வரை சூறாவளி வலுப்பெறத் திணறும். ஈரம் கிடைக்காது, உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறிக் கட்டு குலையும். தூசி வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கீழே கடலும் சற்றுக் குளிரும். 2020 ஜூனில் வந்த தூசிமண்டலம் போர்ட்டோ ரிக்கோவின் வானத்தை மூடி, அமெரிக்காவின் தென்கரை வரை போயிற்று. செய்தித்தாள்கள் அதற்குக் காட்சில்லா என்று பெயர் வைத்தன. ஆனால் அந்த ஆண்டின் சூறாவளிப் பருவமோ வரலாற்றிலேயே அதிகப் பெயர்களைத் தின்றது. தூசி சில நாள் தடுக்கும், பருவத்தையே தடுக்காது.

நம் தூசி குளிர்காலத்துப் பயணி. அதன் கூட்டாளிகளில் கால்வாசிக்கும் மேல் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. நாசாவின் கலிப்சோ செயற்கைக்கோள் லேசர் கதிரால் காற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, 2007 முதல் 2013 வரை எடுத்த கணக்கு 2015-ல் வெளியானது. ஆண்டுக்கு 18.2 கோடி டன் தூசி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைத் தாண்டுகிறது. தென் அமெரிக்கக் கரையை நெருங்கும்போது 13.2 கோடி டன் மிச்சம். அமேசான் படுகையில் விழுவது 2.77 கோடி டன். 4.3 கோடி டன் இன்னும் மேற்கே, கரீபியன் பகுதிக்குப் போகிறது. மற்றவை கடலில். கடலில் விழுந்ததும் வீண் இல்லை. அதிலுள்ள இரும்பு, கடல்நீரின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்களுக்குத் தீனி.

கடலைக் கடந்த தூசியைக் கீழே இறக்குவது மழை. பிப்ரவரி, மார்ச்சில் மழைப்பட்டை அமேசானின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். வணிகக் காற்று தூசியோடு அதற்குள் நுழையும். தூசி மேகத்துளிகளில் மாட்டிக்கொண்டு இறங்கும். மனௌஸ் நகரத்துக்கு வடகிழக்கே காட்டுக்குள் 325 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஈஃபில் கோபுரத்தின் உயரத்துக்கு, ஒரு ஆய்வுக் கோபுரம் நிற்கிறது. ஆண்டின் இந்த மாதங்களில் அதன் கருவிகளில் சஹாரா தவறாமல் வந்து தட்டும். இலையில் விழுந்து, வழிந்து, சருகில் கலந்து, வேர்ப்பூஞ்சையின் கையில் சிக்கும் இடத்தில் தூசியின் தனிப்பயணம் முடிகிறது.

அமேசான் மண்ணைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. அவ்வளவு அடர்ந்த காடு வளரும் மண் கொழுத்த மண்ணாகத்தான் இருக்கும் என்று. உண்மையில் அந்த மண் மழையில் கழுவிக் கழுவி வெளிறிப்போனது. சத்து முழுவதும் மரத்திலும் அழுகும் சருகிலும்தான் சுற்றிவருகிறது. படுகையின் மண்ணில் 90 சதவீதத்துக்கு மணிச்சத்துப் பற்றாக்குறை. வெள்ளமும் மழையும் ஆண்டுதோறும் கொஞ்சத்தை ஆற்றோடு கடலுக்குக் கொண்டுபோகின்றன. அந்த 2.77 கோடி டன் தூசியில் பாஸ்பரஸ் சுமார் 22,000 டன். வெள்ளம் கொண்டுபோகும் அளவும் ஏறக்குறைய அவ்வளவே. இந்தப் பொருத்தம்தான் கதையை உலகெங்கும் பரப்பியது.

என்றாலும் அளவைப் பார்த்தால் தலை கொஞ்சம் நிதானப்படும். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 23 கிராம். நம்மூரில் ஒரு ஹெக்டேர் நெல்லுக்குப் பரிந்துரைக்கும் 50 கிலோ மணிச்சத்தைத் தூய பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் சுமார் 22 கிலோ. காட்டுக்குக் கிடைப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு போகத்தில் விளைந்து அறுத்துக்கொண்டு போவதற்கு இது எந்த மூலைக்கும் காணாது. எதையும் வெளியே விடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும் காட்டுக்கு, நூற்றாண்டுக் கணக்கில் ஒழுகும் ஓட்டையை அடைக்க இது போதும்.

இங்கேதான் ஆயிரம் ஆண்டு என்ற தேதி குறுக்கே வருகிறது. அமேசான் காட்டின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். போடெலே தூசி கிளப்ப ஆரம்பித்தது நேற்று. அப்படியானால் போடெலே இல்லாத காலத்தில் காடு எதைத் தின்றது? சந்தேகம் இதோடு நிற்கவில்லை. 2019-ல் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பிரெஞ்சு கயானாவில் பிடித்த காற்றை ஆராய்ந்து, அமேசானுக்கு வரும் பாஸ்பரஸில் பாதி வரை ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் எரியும் புல்வெளிகளின் புகையிலிருந்து வரலாம் என்றார்கள். அந்தப் புகை வருவது தென் கோளத்து வணிகக் காற்றில். புகையிலுள்ள பாஸ்பரஸ் நீரில் எளிதாகக் கரையும், தூசியிலுள்ளது அவ்வளவு கரையாது என்பதும் அதற்குச் சாதகம். அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வு, போடெலேத் தூசியில் பெரும்பகுதி வழியிலேயே மழையோடு விழுந்துவிடுகிறது, அமேசானுக்குப் போவது மாலி, மொரிட்டானியா எல்லையிலுள்ள எல் ஜூஃப் பாலையின் தூசிதான் என்று வாதிட்டது.

எனக்குப் படுவது இது: போடெலேயின் பங்கு எவ்வளவு என்பதில் சண்டை நீடிக்கட்டும், அது ஆரோக்கியமான சண்டை. தூசியா புகையா, இந்தப் பள்ளமா அந்தப் பாலையா என்று சாட்சிகள் மாறினாலும், வடகிழக்கோ தென்கிழக்கோ, சுமப்பது வணிகக் காற்றுதான், இறக்குவது மழைப்பட்டைதான். ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் காலங்காலமாக ஏதோ ஒரு வாய் திறந்திருந்திருக்கிறது. எந்த வாய் என்பது மட்டும் மாறிவந்திருக்கிறது. அழகான கதையொன்றைப் பற்றிக்கொண்ட பத்திரிகைகள் ஒற்றைப் பள்ளத்தை மட்டும் நாயகனாக்கிவிட்டன. இந்தக் கட்டுரையும் அதைத்தான் செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு சுவையான பிறப்புக்கதை மற்ற தூசிகளுக்கு இல்லை.

வரவு நிலையானதும் இல்லை. செயற்கைக்கோள் பார்த்த ஏழு ஆண்டுகளுக்குள்ளேயே, அதிகம் கிளம்பிய 2007-க்கும் குறைந்த 2011-க்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. சஹேலில் முந்தைய ஆண்டு மழை கூடினால் அடுத்த ஆண்டு தூசி குறைகிறது என்ற தொடர்பு தென்பட்டது. புல் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்வதாலா, காற்றின் வேகம் மாறுவதாலா என்பது தீராத கேள்வி. பூமி சூடாகும்போது சஹாராவின் மேல் காற்று தளர்ந்து தூசி குறையும் என்கின்றன சில கணிப்புகள். குறைந்தால் கானோ நகரத்துப் பிள்ளைகள் நன்றாக மூச்சு விடுவார்கள். அட்லாண்டிக் கடல் சற்றுக் கூடுதலாகச் சூடேறிச் சூறாவளிக்கு வழிவிடும். காட்டின் வரவுக் கணக்கில் சில கிராம்கள் விடுபடும். யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று ஒரே வரியில் எழுத முடியாத கணக்கு.

போடெலேயின் இருப்பும் வரம்புள்ளது. காற்று அரிக்கிறது, நிரப்புவதற்கு ஏரி இல்லை. புது டயாட்டம் படிய வேண்டுமென்றால் மழைப்பட்டை மறுபடி வடக்கே ஏற வேண்டும். அதற்குப் பூமி சூரியனை நெருங்கும் நாள் வட கோளத்தின் கோடைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் சுமார் 10,000 ஆண்டுகளில் அது திரும்பிவிடும். ஆனால் அப்போது பூமியின் பாதை இன்றைவிட வட்டமாக இருக்கும் என்பதால், நெருங்குவதற்கும் விலகுவதற்கும் வித்தியாசம் குறைந்து, கோடை வெயிலில் அந்தப் பழைய ஏழெட்டு சதவீதம் கூடாது. தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு விரிந்த ஏரியை அந்த மழையால் நிரப்ப முடியுமா என்பது சந்தேகம்தான்.